கொப்பளிக்காதே, துப்பு மட்டும்

மச்சான் குமாருக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் என் கடைவாய்ப்பல்தான். சொத்தை. கல்மண்டபம் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் அடைத்துக்கொண்டு வந்தேன். பல் விளக்கியதும் எத்தனை தடவை கொப்பளிப்பேன் என்று கேட்டார், ஒரு சொம்பு தண்ணீர் தீரும்வரை என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், பல் சொத்தையாகாமல் இருக்கப் பேஸ்டில் சேர்க்கிற ஃப்ளோரைடு சாதாரண நேரத்தில் நம் எச்சிலில் 0.02 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு) அளவுக்குத்தான் இருக்குமாம், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேஸ்டிலோ 1000 பிபிஎம் வரை. விளக்கியவுடன் எச்சிலில் அது நூறு மடங்குக்கும் மேலே எகிறி, முதல் சில நிமிடங்களிலேயே மளமளவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகக் கரைந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த மெதுவான பகுதியில்தான் சூட்சுமம்: கன்னத்து உட்தோலிலும் பல்லில் படிந்த அழுக்கிலும் ஒட்டிக்கொண்ட ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக எச்சிலில் கசிகிறது, அமிலம் அரித்த எனாமலில் கால்சியம் திரும்பப் படிய அது உதவுகிறது. நான் சொம்பு சொம்பாகக் கழுவி ஊற்றியது அந்தச் சேமிப்பைத்தான், நாற்பது வருடமாக! நுரையைத் துப்பினால் போதுமாம். அதிலும் ராத்திரி விளக்குவது விசேஷம், தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைவதால் உள்ளே இருப்பது சீக்கிரம் அடித்துக்கொண்டு போகாது. காலையில் விளக்கின கையோடு டீக்கடைக்கு ஓடுகிற நமக்கு அந்த வேளை பாதி வீண்தான். (டீத்தூளிலேயே ஃப்ளோரைடு உண்டு, அதற்காக டீயில் பல் விளக்கவா முடியும்.)

தர்மபுரியில் ஃப்ளோரைடால்தானே எல்லோர் பல்லும் பழுப்பாகிறது, பேஸ்டிலும் அதையே போடுகிறார்களே என்று கேட்டிருந்தாய். நியாயமான பயம். ஆனால் உங்கள் ஊர்ப் பிரச்சினை போர் தண்ணீர்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் தினமும் குடித்து வளர்ந்தால் வருகிற கறை அது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தானே. பேஸ்ட் துப்புகிற சமாச்சாரம், முளைத்து முடிந்த உன் பல்லுக்கு இனி அந்தக் கறை வராது. சின்னவளிடம்தான் கவனம், மூன்று வயதுக்குள் பிள்ளைகள் விழுங்கிவிடும், அதனால் பிரஷில் ஒரு அரிசி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பாம்பாய்ச் சுருட்டி வைக்காதே, அது பேஸ்ட் தீர்வதற்காகக் காட்டுவது.

ராத்திரி கொப்பளிக்காமல் படுப்பது முதல் இரண்டு நாள் என்னவோ போல இருந்தது, வாயெல்லாம் புதினா வாடை. இப்போது பழகிவிட்டது. உன் தங்கச்சி மட்டும் இன்னும் முகம் சுளிக்கிறாள்.

அடுத்த மாதம் வருகிறாய் அல்லவா, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா. விடியற்காலை காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வருவோம். நான் மட்டும் இடது பக்கமாக மென்றுகொள்கிறேன்.

உன்,
சேகர்
ராயபுரம்