ஆண்டறிக்கை 2024–25: தகனமேடை மாற்றமும் நமது சங்கத்தின் பணியும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தாய்மார்கள், பெரியவர்கள், இளைஞர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது குடியிருப்போர் நலச் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமாக இந்த அறிக்கை தெருவிளக்கில் தொடங்கி, குடிநீர், சாக்கடை என்று போகும். இந்த முறை மயானத்தில் தொடங்குகிறேன். ஆண்டின் பெரும்பகுதி நேரமும் உழைப்பும் அங்கேதான் போயிற்று. "நல்ல நாளும் அதுவுமாக இதைப் பேச வேண்டுமா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பேசத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்களை வழியனுப்பும் இடம் அது. நகராட்சி மற்ற எல்லா வேலையிலும் தாமதம் செய்தால் நாம் காத்திருக்கலாம். இந்த ஒன்றில் யாரும் காத்திருக்க முடியாது.

ஆற்றங்கரை மயானத்தில் இதுவரை இருந்தது விறகுவாயு தகனமேடை. விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் எரியவிட்டு, அதிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாய் வழியே உலைக்குக் கொண்டுவந்து எரிப்பார்கள். திறந்தவெளிச் சிதைக்கு 300, 400 கிலோ விறகு தேவைப்படும் இடத்தில், இதற்கு மூன்றில் ஒரு பங்கு போதும். நல்ல முறைதான். ஆனால் விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சிறு துண்டுகளாக வெட்டியிருக்க வேண்டும். ஈர விறகைப் போட்டால் வாயு சரியாக வராது, குழாயில் தார் படியும், உலை சூடேறாது. ஐப்பசி, கார்த்திகையில் விறகுக் கொட்டகை ஒழுகும்போது ஒரு தகனத்துக்கு மூன்று மணி நேரம் ஆனதையும், கரும்புகை பள்ளிக்கூடத் தெரு வரை இறங்கியதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்த குடும்பம் வாசலில் உடலோடு நிற்கும். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேர்தான்.

கொரோனா இரண்டாம் அலையில் அந்த உலை ஓய்வில்லாமல் ஓடியது. 2021 ஏப்ரலில் சூரத் நகரத்தில் எரிவாயு உலைகள் இரவு பகலாக எரிந்து, அவற்றின் இரும்புப் பகுதிகளே உருகிப்போன செய்தியைப் படித்திருப்பீர்கள். நம் ஊரில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் உள்சுவரின் தீச்செங்கல் வெடித்தது அப்போதுதான். அதன் பிறகு மண் பூசிப் பூசி ஓட்டினார்கள். சென்ற ஆண்டு புகைபோக்கியின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகே, மேடையை எல்பிஜி முறைக்கு மாற்ற ஆடி மாதம் நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானத்தை வரவேற்றுக் கடிதம் கொடுத்தோம். கூடவே ஒரு கேள்வியையும் கேட்டோம்: பழைய மேடை ஏன் கெட்டது? அதன் உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு பராமரிப்பு ஒப்பந்தமே போடப்படவில்லை. உலைக்குக் காற்று ஊதும் புளோயர் பழுதானால் ஊரில் மோட்டார் கட்டுபவரைக் கூப்பிடுவார்கள். புகையைத் தண்ணீரால் கழுவும் ஸ்க்ரப்பரில் சேறு அடைத்தால் பணியாளர்களே கம்பி விட்டுக் குத்துவார்கள். புது இயந்திரத்துக்கு மானியம் கிடைக்கிறது, கல்வெட்டும் வைக்கலாம். வருடாவருடம் ஆகும் பராமரிப்புச் செலவுக்கு யாரும் முன்வருவதில்லை. அந்தப் பணத்தை ஒதுக்காமல் எத்தனை உலை வாங்கினாலும் ஏழெட்டு வருடத்தில் இதே நிலைதான் வரும். இதைத்தான் ஆண்டு முழுவதும் எல்லா மனுவிலும் எழுதினோம், வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையிலும் சொன்னோம். ஐந்து ஆண்டுப் பராமரிப்பை டெண்டரிலேயே சேர்க்கக் கேட்டோம். மூன்று ஆண்டு சேர்த்திருக்கிறார்கள். நான்காம் ஆண்டுக்கு இப்போதே குரல் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

மதிப்பீட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். எரிவாயு ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்ததும் சொன்ன முதல் விஷயம், சிலிண்டர் அறையில் காற்றுத் துளைகள் எல்லாம் கூரையை ஒட்டி இருக்கின்றன என்பது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். துளைகள் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கசிவு காட்டும் கருவியும் தாழ்வாகவே பொருத்தப்பட வேண்டும். ஒரே இடத்தில் 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி வைத்தால் உரிமம் வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. 19 கிலோ வணிக சிலிண்டர் ஆறு வைத்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். நகராட்சிப் பொறியாளர் இரண்டையும் கேட்டுக்கொண்டு வரைபடத்தைத் திருத்தினார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

மின்சார உலையே வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மின் உலையைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒன்றிரண்டு தகனம் நடக்கும் ஊருக்கு அந்த மின்கட்டணம் தாங்காது. மின்வெட்டு வந்தால் இன்னும் சிக்கல். எல்பிஜிக்கும் மின்சாரம் தேவைதான், புளோயர் ஓட வேண்டுமே. அதனால் ஜெனரேட்டர் கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தோம், வைத்துவிட்டார்கள்.

மேடையை மூடி வேலை செய்யும் மாதங்களில் என்ன செய்வது என்பதுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்தியது. புரட்டாசியிலேயே பழைய உலையை இடிக்க ஒப்பந்ததாரர் தயாராக இருந்தார். அப்படிச் செய்திருந்தால் அடைமழை முழுவதும் ஊருக்குத் தகனமேடை இருந்திருக்காது. பழைய தகரக் கொட்டகையில் வறட்டியும் விறகும் அடுக்கித்தான் எரிக்க வேண்டும். அந்தக் கொட்டகைக்கோ பாதிக் கூரை இல்லை. நிர்வாகக் குழு ஆணையரை நேரில் சந்தித்து, கொட்டகைக் கூரையை முதலில் போடுங்கள், மழை விட்ட பிறகு உலையை இடியுங்கள் என்று கேட்டது. அதன்படி கார்த்திகைக் கடைசியில்தான் மேடை மூடப்பட்டது. பக்கத்து நகராட்சியின் தகனமேடையைப் பயன்படுத்த இரு நகராட்சிகளும் பேசி ஏற்பாடு செய்தன. அங்கே கொண்டுபோக நம் நகராட்சி ஊர்தி கொடுத்தது. அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு 155377 என்ற எண்ணில் அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும் என்பதைத் துண்டறிக்கையாக அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தோம். அந்த மாதங்களில் துக்கம் நடந்த வீடுகளுக்கு நம் இளைஞர் அணியினர் போய், எங்கே போவது, என்ன சான்று எடுத்துப்போவது என்று கூடவே இருந்து உதவினார்கள். யார் வீடு, எந்தத் தெரு என்று அவர்கள் பார்க்கவில்லை. இந்த அறிக்கையில் நான் மிகவும் பெருமையோடு எழுதும் வரி இதுதான்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு சங்கடம் வந்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள், உலையின் உள்பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. புதிதாகத் தீச்செங்கல் கட்டிய உலையை முதல் நாளே முழுச் சூட்டில் ஓட்டக் கூடாது. சிறு தீயில் தொடங்கி, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீராவி முட்டி விரிசல் விடும். பழைய உலையைப் பல வருடம் ஓட்டிய மூத்த பணியாளர்தான் இதை எங்களிடம் சொன்னார். அவரிடம் யாருமே எதையும் கேட்டிருக்கவில்லை. நாங்கள் அவரையே அழைத்துக்கொண்டு பொறியாளரிடம் போனோம். விழா தள்ளிப்போனது. சிலருக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் உலை தப்பியது. மாசி மாதம் மேடை பயன்பாட்டுக்கு வந்தது.

இப்போது உலைக்குள் 800 டிகிரி செல்சியசை ஒட்டி வெப்பம் போகிறது. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தகனம் முடிகிறது. புகை ஸ்க்ரப்பரில் தண்ணீரால் கழுவப்பட்டு உயரமான புகைபோக்கி வழியே போகிறது. பள்ளிக்கூடத் தெருவில் வாடை இல்லை என்று அங்குள்ள உறுப்பினர்கள் சொல்கிறார்கள். ஆனால் கழுவிய தண்ணீர் நேராக ஆற்றில் விழுகிறது. அதற்குப் படிவுத் தொட்டி கட்டக் கேட்டிருக்கிறோம், இன்னும் நடக்கவில்லை.

உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள். இறந்தவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மருத்துவமனையிலேயே எடுத்துவிடச் சொல்ல வேண்டும். அதன் பேட்டரி உலையில் வெடிக்கும். மாலைகள், மெத்தை, பிளாஸ்டிக், கண்ணாடி பாட்டில் எதையும் உள்ளே அனுப்பாதீர்கள். வாய்க்கரிசி, கொள்ளி போன்ற சடங்குகளை முன்மண்டபத்தில் நிதானமாகச் செய்யலாம், அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அஸ்தி அன்றே கிடைத்துவிடும். மறுநாள் காலையில் வந்து பால் தெளித்துத்தான் எடுப்போம் என்கிற குடும்பங்களுக்காகப் பெயர் எழுதிய கலயங்களை வைக்கப் பூட்டுள்ள அலமாரி கேட்டு வாங்கினோம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். மயான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கட்டணம் பற்றி இன்னும் உடன்பாடு வரவில்லை. அன்றைய முதல் தகனத்துக்குத்தான் எரிவாயு அதிகம் செலவாகும், ஆறிப்போன உலையைச் சூடேற்ற வேண்டுமே. அதற்காக முதலில் வருபவரிடம் கூடுதலாக வாங்குவது நியாயமில்லை, ஒரே கட்டணம்தான் சரி என்றோம், ஏற்றுக்கொண்டார்கள். சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணமே இல்லை. நமது நகராட்சியின் வருமானம் வேறு என்பது தெரியும். ஆதரவற்றோருக்கும் வறுமையில் உள்ள குடும்பங்களுக்குமாவது முழு விலக்கு வேண்டும், கட்டண விவரம் வாசலில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுள்ளோம்.

பணியாளர்கள் இருவரும் இன்னும் ஒப்பந்தக் கூலியில்தான் இருக்கிறார்கள். கையுறையும் முகக்கவசமும் கொடுத்திருக்கிறார்கள். புதிய உலையை இயக்க முறையான பயிற்சி கொடுக்கவில்லை. அவர்களைப் பெயர் சொல்லி, மரியாதையோடு அழையுங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலையும் குறிப்பிட்ட சாதியினருக்கே உரியது என்ற நினைப்பு இத்தனை காலத்துக்குப் பிறகும் நம்மிடையே இருப்பது வேதனை. சென்னை வேலங்காடு மயானத்தில் 2014 முதல் பெண்கள் நிர்வாகத்தை ஏற்று நடத்தினார்கள். நம் ஊரிலும் பெண்கள் இப்போது மயானம் வரை வருகிறார்கள். அவர்கள் உட்காரப் பெஞ்சும் தனிக் கழிப்பறையும் கேட்டோம். பெஞ்ச் வந்துவிட்டது.

மற்றப் பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்காவது குறுக்குத் தெருவிலும் பூங்காவிலும் எல்இடி விளக்குகள் போடப்பட்டன. மழைக்காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்களோடு நம் உறுப்பினர்களும் வீடுவீடாகச் சென்றார்கள். பொங்கல் விளையாட்டு விழா துக்க வீடுகளை முன்னிட்டு எளிமையாக நடந்தது. நூலகக் கிளைக்கு இடம் கேட்கும் மனு நிலுவையில் இருக்கிறது.

இந்தப் பொதுக்குழு மூன்று தீர்மானங்களை நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்: தகனமேடைப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனித்தொகை ஒதுக்க வேண்டும், பணியாளர்களுக்குப் பயிற்சியும் நிரந்தரப் பணியும் வேண்டும், ஸ்க்ரப்பர் தண்ணீருக்குப் படிவுத் தொட்டி அடுத்த மழைக்குள் கட்டப்பட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்