தொட்டுக்க என்ன?

அன்புள்ள தம்பிக்கு,

"ஒரு ஆளுக்கு எதுக்குக்கா தொட்டுக்க வேற? குழம்பு மட்டும் போதாதா?" என்று போனில் கேட்டாய். சாம்பார் சாதம் பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது என்று அடுத்த மூச்சிலேயே சொன்னதும் நீதான்.

குழம்பில் எது இல்லையோ அதைத் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சாம்பாரில் ஏற்கெனவே பருப்பு இருக்கிறது. அதோடு பருப்புக் கூட்டும் வைத்தால் எல்லாமே ஒரே கொழகொழ. உருளைக்கிழங்கைக் காரமாக வறுத்து வைத்துப் பார், அதே சாம்பார் இன்னொரு பிடி கேட்கும். வத்தக்குழம்பு இதற்கு நேர் எதிர்: புளி, காரம், நல்லெண்ணெய்; பருப்பு கிடையாது. அதனால் பாசிப்பருப்பு போட்ட கீரைக்கூட்டு பொருந்தும். மோர்க்குழம்புக்குப் பருப்பு உசிலி என்று வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான். குழம்பு வழவழவென்று இருக்கும், உசிலி உதிரி உதிரியாகப் பல்லில் படும்.

உசிலி இப்போதைக்கு உனக்கு வேண்டாம். ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, காயோடு பிரட்டி... பாதியிலேயே ஓட்டலுக்குப் போய்விடுவாய். துவையல் கற்றுக்கொள். ஒரு கைப்பிடி துவரம்பருப்பையும் இரண்டு காய்ந்த மிளகாயையும் துளி எண்ணெயில் சின்னத் தீயில் வறு. பருப்பு சிவக்க வேண்டும், கருகக் கூடாது. ஆறியதும் கொஞ்சம் தேங்காய், ஒரு பல் பூண்டு, உப்பு சேர்த்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரை. ஒரேயடியாக ஊற்றினால் சட்னியாகிவிடும். லேசாகக் கொரகொரப்பு இருக்கட்டும். ரசம் சாதத்துக்கு இதை மிஞ்சி ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

அப்புறம், நாம் குழம்பு, ரசம், மோர் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். ஒரே ஒரு காய்தான் செய்ய முடியும் என்றால் பொரியலோ வறுவலோ செய். அது கடைசி மோர்சாதம் வரை கூட வரும். கூட்டு அங்கே கரைந்து காணாமல் போய்விடும்.

ஒன்றுக்கும் நேரமில்லாத நாளில் வத்தக்குழம்பு வைத்து, அப்பளத்தை இடுக்கியில் பிடித்து அடுப்பு நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடு. எண்ணெய்ச் செலவும் மிச்சம். ஊறுகாயை மட்டும் காய் என்று என்னிடம் கணக்குக் காட்டாதே.

அன்புடன்,
அக்கா