‘ரீஃப் சேஃப்’ சீட்டை எடுத்துவிடுங்கள்: கடல்மீன் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல்மீனும் பவளமும் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றைத் தருவிக்கும் இறக்குமதியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஃப்ளேம் ஏஞ்சல், கோரல் பியூட்டி, லெமன்பீல், பைகலர், செரூப் என்று நீங்கள் விற்கும் குட்டி ஏஞ்சல் மீன்களைப் பற்றி எழுதுகிறேன். எல்லாம் சென்ட்ரோபைஜி பேரினத்தைச் சேர்ந்தவை. இவை நீந்தும் தொட்டிக் கண்ணாடியில் உங்களில் சிலர் ‘ரீஃப் சேஃப்’, அதாவது பவளத் தொட்டிக்கு ஆபத்தில்லாதது, என்று ஒட்டுகிறீர்கள். சிலர் ‘ரீஃப் சேஃப், கவனம் தேவை’ என்று ஒட்டுகிறீர்கள். இரண்டாவது கொஞ்சம் நேர்மையானதுதான். ஆனால் எந்தப் பவளத்தைக் கவனிக்க வேண்டும், மீன் கொத்த ஆரம்பித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தச் சீட்டை எடுத்துவிட்டு, மீன் வாங்க வருபவரிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இந்த மீன் கடலில் எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பகல் முழுக்கப் பாறை இடுக்குகளில் மேய்ந்துகொண்டே இருக்கும். பாசி, பாறையில் படிந்த மக்கு, கடற்பஞ்சு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுயிர்கள் எல்லாம் அதற்கு உணவு. சின்ன வாய், தூரிகை மாதிரி நெருக்கமான பற்கள். எதையும் ஒரு கொத்துக் கொத்திப் பார்ப்பது அதன் பிழைப்பு. வீட்டுத் தொட்டியில் அந்தக் கொத்து பவளத்தின் மேலும் விழுகிறது. பல நேரம் அது சதையைத் தின்பதில்லை. பவளத்தின் மேல் இருக்கும் சளிப்படலத்தையும், அதில் ஒட்டிய துகள்களையும்தான் எடுக்கிறது. அப்படியானால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். தொல்லை இருக்கிறது. ஒரே பாலிப்பை (பவளத்தின் வாயும் உணர்கொம்புகளும் உள்ள ஒற்றை உயிரை) ஒரு நாளைக்குப் பலமுறை கொத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், விரியவே விரியாது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்கு முக்கிய ஆதாரம். சுருங்கியே கிடக்கும் பவளத்துக்கு வெளிச்சமும் குறைவு, நீரில் வரும் இரையைப் பிடிக்கவும் வழியில்லை. நாள்கள் போகப் போகத் திசு பின்வாங்கி, கீழே வெள்ளை எலும்புக்கூடு தெரியும். தின்னப்பட்டுச் செத்ததா, தொந்தரவு தாங்காமல் செத்ததா என்பது வளர்ப்பவருக்கு ஒன்றுதான்.

எல்லாப் பவளத்துக்கும் ஒரே ஆபத்து இல்லை. இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. சதைப்பற்றுள்ள எல்.பி.எஸ். (பெரிய பாலிப் கொண்ட கல் பவள) வகைகள், அதாவது ட்ராக்கிஃபிலியா, லோபோஃபிலியா, அகாந்தாஸ்ட்ரியா போன்றவைதான் முதலில் அடி வாங்கும். கூட்டமாகப் பூப்போல விரியும் ஸோவாந்திட்களும், டிரைடாக்னா என்ற பெரிய சிப்பியின் விரிந்த மேலுறையும் அடுத்து. லெதர் எனப்படும் மென்பவளங்களையும் காளான் வடிவ மஷ்ரூம்களையும் பெரும்பாலும் சீண்டாது. எஸ்.பி.எஸ். (சிறிய பாலிப் கொண்ட கல்) பவளங்களில், நன்றாக வளர்ந்த பவளம் ஒன்றிரண்டு கொத்தல்களைத் தாங்கிவிடும். நேற்று ஒட்டிய சின்ன ஃப்ராக் (வெட்டியெடுத்த பவளத் துண்டு) தாங்காது. வாடிக்கையாளரிடம் ‘உங்கள் தொட்டியில் என்ன பவளம் வைத்திருக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி இழப்பு நின்றுவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். லெதரும் மஷ்ரூமும் மட்டும் வைத்திருப்பவருக்குத் தயங்காமல் விற்கலாம். தொட்டி நிறைய ட்ராக்கிஃபிலியா வைத்திருப்பவரைத் தடுத்து நிறுத்துவது உங்கள் கடமை.

இனத்துக்கு இனம் சுபாவமும் மாறும். பைகலரும் லெமன்பீலும் வம்பு அதிகம் செய்பவை என்று பெயர் எடுத்தவை. ஃப்ளேம், கோரல் பியூட்டி, செரூப் ஆகியவற்றின் மேல் வளர்ப்பவர்களுக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒரே இனத்திலேயே ஒன்று சாதுவாக இருக்கும், இன்னொன்று வந்த அன்றே வேலையைக் காட்டும். பல மாதம் ஒழுங்காக இருந்த மீன் திடீரென்று கொத்தப் பழகுவதும் உண்டு. வயிறு நிறையத் தீனி, தினமும் நோரி என்ற உலர்ந்த கடற்பாசித் தாள், கடற்பஞ்சு கலந்த உறைந்த உணவு எல்லாம் கொடுத்தால் ஆபத்து குறையும், போய்விடாது. ஆக, இந்த மீனைப் பொறுத்தவரை ‘சேஃப்’ என்று எந்த இனத்துக்கும் மொத்தமாகச் சான்றிதழ் தர முடியாது.

கொத்தினால் பிடித்து வெளியே எடுத்துவிடலாம் என்று சொல்லி விற்கிறீர்களே, அது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியாததா? லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) குவியலுக்குள் புகுந்துவிட்ட பத்து சென்டிமீட்டர் மீனைப் பிடிக்க, பவளம் ஒட்டிய பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் பொறிப்பெட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். வலையில் சிக்கினாலும், ஏஞ்சல் மீன்களுக்கே உரிய கன்னத்து முள் வலையில் மாட்டிக்கொள்ளும்; பிரித்தெடுக்கும்போது மீன் காயப்படும். அதனால்தான் வலையைவிடத் தெளிவான டப்பாவில் பிடிப்பது நல்லது. விற்கும்போது நீங்களும் அப்படியே பிடித்துக் கொடுங்கள்.

நோய் வந்தாலும் இதே கதைதான். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட வேண்டுமென்றால் பவளத் தொட்டியில் போட முடியாது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம். குட்டி ஏஞ்சல்களே செம்பை அதிகம் தாங்காதவை என்பதால் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே குவாரன்டைன் (தனித் தொட்டியில் வைத்து நோய் கண்காணிப்பு) முடிந்த, உங்கள் தொட்டியில் கண்ணெதிரே சாப்பிடும் மீனை மட்டும் விற்றால், அதற்கு விலை கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன்.

அப்புறம், ‘ஜோடி’ என்று சொல்லி ஒரே அளவில் இரண்டைக் கட்டி விற்காதீர்கள். இவை எல்லாம் பெண்ணாக வளர்ந்து, கூட்டத்தில் பெரியது ஆணாக மாறும் மீன்கள். ஒரே அளவில் இரண்டைப் போட்டால் யார் பெரியவர் என்ற சண்டை ஓயாது. தனியாகவே இருந்தாலும் இடத்துக்கு மல்லுக்கட்டும். அதனால் தொட்டியில் கடைசியாக விட வேண்டிய மீன் இது என்பதையும், பாசி பிடித்த பாறைகளோடு சுமார் 250 லிட்டராவது தேவை என்பதையும் சொல்லிவிடுங்கள். லெமன்பீல் என்று சொல்லித் தரும் குட்டியையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அக்காந்துரஸ் பைரோஃபெரஸ் என்ற சர்ஜன் மீனின் குஞ்சு அச்சு அசலாக அதே போல வேஷம் போடும். வளர்ந்தால் அது 25 சென்டிமீட்டரைத் தொடும்.

இறக்குமதியாளர்களுக்குத் தனியாக ஒன்று. பிலிப்பைன்ஸில் 1960-களில் அலங்கார மீன் பிடிக்கத் தொடங்கிய சயனைடு பழக்கம் மீனின் உள்ளுறுப்புகளைக் கெடுப்பதோடு, மீன் ஒளிந்திருக்கும் பவளத்தையும் கொல்கிறது. தொட்டியில் ஒரு பவளத்தைக் காப்பாற்ற நாம் இத்தனை பேசும்போது, கடலில் அதே பவளம் விஷத்தில் சாவதை எப்படி ஏற்பது? எங்கிருந்து, யார், எப்படிப் பிடித்தது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொட்டியிலேயே பிறந்த மீன்களும் இப்போது கிடைக்கின்றன. நீரில் மிதக்கும் நுண்ணிய முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுக்கு, அதன் வாய்க்கு ஏற்ற இரை கொடுப்பதுதான் பெரிய தடையாக இருந்தது. ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் போன்றவர்கள் 2000-களின் தொடக்கத்தில் அந்தத் தடையைத் தாண்டினார்கள். விலை அதிகம்தான். வாங்கக் கேட்பவர்களும் இருக்கிறோம், தருவித்து வையுங்கள். அதையும் ‘பவளத்தைக் கொத்தாது’ என்று சொல்லி மட்டும் விற்காதீர்கள். தொட்டியில் பிறந்தாலும் மேயும் குணம் போகாது.

கடைசியாக ஒன்று. கொத்தும் மீனைத் திரும்பக் கொண்டுவந்தால் பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பவளம் இல்லாத வேறொரு தொட்டிக்கு மாற்றிவிட உதவுங்கள். எந்தக் கடை இதை எழுதி ஒட்டுகிறதோ, அந்தக் கடையில்தான் இனி மீன் வாங்குவேன், மற்றவர்களையும் அங்கேதான் அனுப்புவேன்.

அன்புடன்,
பவளத் தொட்டி வளர்ப்பவர்