மதியச் சோற்றுக்குப் பின் கால் மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீடாமங்கலம் பகுதியில் சர்க்கரை நோய் தொடக்க நிலையில் இருப்பதாக அறியவருபவர்களுக்கு, உடலுழைப்பைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ‘தினமும் காலையில் நடங்கள்’ என்ற ஒற்றை வரிதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அதுவே சொல்லப்பட்டது. அது தவறல்ல, ஆனால் பாதிதான். விடியற்காலையில் வெண்ணாற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, எஞ்சிய பொழுதை நாற்காலியிலும் கட்டிலிலும் கழித்த முதல் ஓராண்டில், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு அடங்கியதே தவிர, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் அளவு 200-ஐ விட்டு இறங்கவில்லை. மதியம் சாப்பிட்டதும் படுக்கும் வழக்கத்தை விட்டு, கால் மணி நேரம் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடக்கத் தொடங்கிய பிறகே அந்த அளவு குறைந்தது. மாத்திரையும் சோற்றின் அளவும் அப்போது மாறவில்லை.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்பது நம் வழக்கு. விடிந்தது முதல் நாற்று பறித்து, நாற்றுக்கட்டு சுமந்து, சேற்றில் நின்று நட்டவர்கள் மதியம் சற்றுக் கண்ணயர்ந்ததில் குறையொன்றும் இல்லை. இன்று குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு இயந்திரம் வயலில் இறங்குகிறது. அறுவடையையும் கதிரடிப்பையும் ஒரே இயந்திரம் முடித்துவிடுகிறது. மடை பார்க்கப் போகிறவரும் வரப்பு முனைவரை மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். உழைப்பு போய்விட்டது. தட்டில் விழும் சோறும் அதன் பிறகான உறக்கமும் மட்டும் அப்படியே நிற்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. நெல் விளையும் நம் மாவட்டங்கள் இதற்கு விலக்காக இருக்கும் என நம்புவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்ட பின் நடப்பது ஏன் பயன் தருகிறது என்பதையும் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் பலருக்கு, இரத்தச் சர்க்கரையை ஏற்குமாறு தசைகளுக்குச் சொல்லும் இன்சுலின் உடலில் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. தசைகள்தாம் அதன் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தொடையும் கெண்டைக்காலும் சுருங்கி விரியும்போது, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுக்கும் வாயில்கள் இன்சுலினின் கட்டளைக்குக் காத்திராமலேயே தசைச் செல்களில் திறக்கின்றன. சோறு செரித்துச் சர்க்கரை ஏறும் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அவை திறந்தால் உச்சம் தணிகிறது. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சர்க்கரை நோயை நெருங்கிக்கொண்டிருந்த முதியவர்களை மூன்று வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரே தடவையாக 45 நிமிடம் நடந்த நாட்களைவிட, இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அந்நாட்களில்தான் நன்றாகக் குறைந்தது.

இதை நான் வற்புறுத்துவது முக்கியமாகப் பெண்களை எண்ணித்தான். காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்து, ஒன்பது மணிக்குள் சமைத்துப் பிள்ளைகளையும் வேலைக்குப் போகிறவர்களையும் அனுப்பிவைக்கும் பெண்ணிடம் ‘காலையில் நடங்கள்’ என்பது, அவரால் செய்ய முடியாததைச் சொல்லிவிட்டு, செய்யவில்லை என்று பிறகு அவரையே கடிந்துகொள்வதாகும். என் மனைவி உட்படப் பலர் அந்தக் கடிதலைத் தலைகுனிந்து கேட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைத்தபோது, ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் நீடித்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. தாழ்வாரத்தில் நடப்பதும், மாடிப்படி ஏறி வடகம் காயப்போடுவதும், தொலைக்காட்சித் தொடரின் இடைவேளைகளில் எழுந்து நடமாடுவதும் கணக்கில் சேரும் என்று அவர்களிடம் சொல்ல வேண்டாமா?

எச்சரிக்கைகளும் உண்டு. நடக்கிறோம் என்பதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும் என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் வரப்பில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது; முள் தைத்ததுகூடத் தெரியாமல் புண் வைத்துவிடும். சித்திரை வெயிலில் மதிய நடை வீட்டுக்குள்ளேதான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள், ‘சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடங்கள்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுமாறு சுகாதாரத் துறை பணிக்க வேண்டும். நோயாளியின் குறிப்பேட்டிலும் மருத்துவர்கள் அதை எழுதித்தர வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என 2023 நவம்பரில் தொடங்கிய திட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் ஊராட்சிகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் இறங்கினால், பாதி விளக்குகள் எரிவதில்லை; நாய்களுக்கு அஞ்சிப் பெண்கள் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த விளக்குகளையாவது ஊராட்சி நிர்வாகங்கள் இந்த மழைக்காலத்துக்கு முன் எரியச் செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.