வசந்திக்கு: நீ வரைந்த முகங்களும் அப்பாவின் முகமும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும், கதைப்புத்தகத்துக்காக நீ வரைந்த படங்களும் வந்து சேர்ந்தன. அப்பாவுக்கு பார்க்கின்சன் என்று உறுதியாகிவிட்டதைப் படித்ததும் அதற்கு மேல் வாசிக்க ஓடவில்லை. "பேரன் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட முகத்தில் ஒரு அசைவு இல்லை. எங்கள் மேல் இருந்த பாசமே வற்றிவிட்டதோ" என்று எழுதியிருந்தாய். அடுத்த பக்கத்திலேயே, "என் படங்களில் எந்த முகத்துக்கும் உயிர் இல்லை, என்ன செய்யட்டும்" என்றும் கேட்டிருந்தாய். நீ இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டாய். எனக்கோ இத்தனை வருடம் அனிமேஷனில் கற்றதிலிருந்து இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் படங்கள். கோடு பிரமாதம், உன் கை கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் நீ வாயை முதலில் வரைந்துவிட்டு அதற்கேற்ப மற்றதை நிரப்புகிறாய் என்று நினைக்கிறேன். சிறுமி சிரிக்கிற பக்கத்தையும் அழுகிற பக்கத்தையும் எடுத்து, வாயை விரலால் மறைத்துப் பார். கண்கள் இரண்டிலும் ஒன்றேதான். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து 1862-இல் ஒரு நூல் வெளியிட்டார். உதட்டோரத்தைத் தூக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்பது அவர் கருத்து. அதனால் சிரிப்பை வரையும்போது கீழ் இமையைச் சற்று மேலே ஏற்று. கன்னம் எழும்பி அதை முட்டட்டும், கண் கொஞ்சம் சுருங்கட்டும். வாயை நீ வரைந்திருக்கும் அளவில் பாதியாகக் குறைத்தாலும் அவள் சிரிப்பாள்.

துக்கத்துக்கு புருவத்தின் உள்முனை. இரு புருவங்களும் மூக்கின் பக்கம் லேசாக மேலேறி, நடுநெற்றியில் மட்டும் சுருக்கம் விழும். டார்வின் 1872-இல் முகபாவங்களைப் பற்றி எழுதியபோது இதைச் செய்யும் தசைகளைத் துக்கத் தசைகள் என்றே குறிப்பிட்டார். வேண்டுமென்றே அவற்றை அசைக்கப் பெரும்பாலோருக்கு வராது. நீயே கண்ணாடி முன் நின்று முயன்று பார்.

இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் வருகிறது. இதையெல்லாம் நீ வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓவியர் லு பிரன் 1668-இல் பிரெஞ்சு ஓவியக் கழகத்தில் இதைப் பற்றி உரையாற்றினார். வியப்பு இப்படி, கோபம் இப்படி, அச்சம் இப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை வரைந்து வைத்தார். வெகுகாலம் மாணவர்கள் அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். எனக்கு அந்தத் தலைகள் பிடிப்பதே இல்லை. உணர்ச்சியின் பெயர்ப்பலகை அங்கே இருக்கிறது, ஆள் இல்லை. 1978-இல் உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசனும் முகத்தின் அசைவுகளைத் தசைவாரியாகப் பிரித்து எண் போட்டு ஒரு முறையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் நாங்கள் இயக்கும் முகங்கள் பலவற்றின் அடிப்படை அதுதான். மிகப் பெரிய வேலை, மறுக்க மாட்டேன். ஆனால் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒவ்வொரு அசைவையும் கூட்டிக் குறைக்கத் திரையில் இருக்கும் ஸ்லைடர்களை எல்லாம் கடைசிவரை இழுத்துவிட்டு, "கோபம் வந்துவிட்டது" என்கிறார்கள். வருவதில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். காட்சி சின்னதுதான். அண்ணன் வருவான் என்று வாசலில் காத்திருக்கும் பையனிடம், அவன் வரவில்லை என்று சொல்கிறார்கள். பையன் "பரவாயில்லை" என்று சிரிக்கிறான். இதைச் செய்த இளைஞர் நல்ல படங்களாகத்தான் போட்டிருந்தார். கண், புருவம், உதடு எல்லாம் சரி. ஆனால் எல்லாம் ஒரே ஃபிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரே தனிப்படத்தில், கிளம்பி ஒரே ஃபிரேமில் போய் நின்றன. பையன் பொம்மையாகிவிட்டான். ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றினோம். சேதி கேட்டதும் முகம் அப்படியே நிற்கிறது, கிட்டத்தட்ட அரை நொடி, பன்னிரண்டு ஃபிரேம். பிறகு ஓர் இமைப்பு: மூட இரண்டு ஃபிரேம், திறக்க நான்கு. திறக்கும்போது பார்வை சொன்னவர் முகத்திலிருந்து விலகித் தரையில் இருக்கிறது. புருவத்தின் உள்முனை ஏறத் தொடங்குகிறது, ஏறி முடிப்பதற்குள் அவனே அதை இறக்கிவிடுகிறான். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வருகிறது, அதுவும் இடது உதட்டோரம் முதலில். வலது பக்கம் கொஞ்சம் தாமதித்து, முழுசாக வந்து சேராமல் நின்றுவிடுகிறது. ஓட்டிப் பார்த்தோம். அந்த இளைஞர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்ப்பவரைத் தொடுவது, ஒரு முகம் இன்னொரு முகமாக மாறுகிற இடம்தான் வசந்தி. அதிலும், வருவதை அடக்கப் பார்க்கிற இடம். உன் புத்தகத்தில் ஃபிரேம் கிடையாது, ஒரு பக்கத்துக்கு ஒரு படம்தான். அதனால் போய்ச்சேர்ந்த முகத்தை வரையாதே, வழியில் இருக்கும் முகத்தை வரை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630 வாக்கில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பொறித்த சின்னச் சின்னச் செதுக்கோவியங்களைத் தேடிப் பார். ஒன்றில் கண் விரிந்து உதடு குவிந்திருக்கும். ஏதோ சத்தம் கேட்டு அந்த நொடியில்தான் திரும்பியிருக்கிறான் என்று தோன்றும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, ஆனால் லு பிரனின் மொத்தத் தொகுப்பையும் அதற்காகக் கொடுத்துவிடலாம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை மறுபடி எடுத்துப் படித்தேன். எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்று பிரிக்கிறது. நகை என்றால் எள்ளல், இளமை, பேதைமை, மடன் (கேட்டதை அப்படியே நம்புவது). அழுகை என்றால் இளிவு (இகழப்படுவது), இழவு, அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துவது), வறுமை. வரைபவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது: இந்தச் சிரிப்பு எதிலிருந்து பிறந்தது? எள்ளிச் சிரிப்பவளின் கண் அடுத்தவர் மேல் இருக்கும். அறியாமல் சிரிப்பவளின் கண் எங்கேயும் நிற்காது. இது தெரிந்துவிட்டால் புருவமும் இமையும் தாமாகவே வந்துவிடும்.

இனி அப்பா. பார்க்கின்சனில் முகத்தசைகளின் அசைவு குறைந்துவிடும், இமைப்பதும் குறையும். அதற்காக உள்ளே உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தானாக வரும் சிரிப்புக்கும் நாமாக வரவழைக்கும் சிரிப்புக்கும் மூளையில் பாதைகள் வேறு, இந்த நோய் அதிகம் அடைப்பது முதல் பாதையை. பேரன் வந்து கட்டிக்கொள்ளும்போது அப்பாவுக்குச் சந்தோஷம் வருகிறது, அது முகத்துக்கு வந்து சேரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அசையாத முகத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் நம் மனசைத்தான். ரஷ்ய இயக்குநர் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்புடனும், பிறகு ஒரு சவப்பெட்டியுடனும் ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் கண்டார்கள், துயரத்தையும் கண்டார்கள் என்பார்கள். நீ பயந்துபோயிருக்கிறாய், அதனால் அவர் முகத்தில் பாசமின்மை தெரிகிறது.

முகமே இல்லாமல் உணர்ச்சி காட்டுவது எங்கள் தொழிலின் முதல் பாடம். டிஸ்னி ஸ்டுடியோவில் பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரையச் சொல்வார்கள், அதைச் சோகமாகவும் உற்சாகமாகவும் நிற்க வைக்க வேண்டும். 1986-இல் பிக்சார் எடுத்த 'லக்சோ ஜூனியர்' குறும்படத்தில் இரண்டு மேஜை விளக்குகள்தான் பாத்திரங்கள். கண்ணும் இல்லை, வாயும் இல்லை. பந்து உடைந்ததும் குட்டி விளக்கு தலை குனிகிற விதத்தில் எல்லாம் புரிந்துவிடும். அப்படி அப்பாவைப் பார். பேரன் பக்கம் உடம்பு சாய்கிறதா, அவன் போகும்போது பார்வை பின்னாலேயே போகிறதா, கை அவனைத் தேடி நகர்கிறதா என்று கவனி. எதுவும் மெதுவாகத்தான் வரும், காத்திரு. நேராகவும் கேள், "சந்தோஷமா இருக்கீங்களாப்பா?" என்று. குரல் சன்னமாகியிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கேள். முகத்துக்கும் பேச்சுக்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், மருத்துவரிடம் அதையும் விசாரி.

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, வீட்டில் பேச்சுத்துணை குறைந்துவிட்டது. நான் வேலையைக் குறைத்துக்கொண்டு கற்றுக்கொடுப்பதில் அதிக நேரம் செலவிடலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

சிறுமி கடிதத்தைப் பிரிக்கிற பக்கத்தை மட்டும் இப்போது திரும்ப வரை. அவள் இன்னும் கடைசி வரிக்கு வரவில்லை, பாதியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள். பென்சிலில் இருந்தாலே போதும், அனுப்பு. அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல், அடுத்த மாதம் நேரில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சுதா