கயலுக்கு, பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று எஸ்டிமேட் பயிற்சி விளம்பரங்களையும் நேற்று ராத்திரி வரிவரியாகப் படித்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், பாதி கார் சத்தத்தில் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் முழுக்கப் படித்துவிடு.

காப்பீட்டுச் சேதத்தைப் பார்த்து மதிப்பிடும் அட்ஜஸ்டர் வேலைக்கான டெக்சஸ் ஆல் லைன்ஸ் லைசென்ஸ் கைக்கு வந்ததில் எனக்கும் அப்பாவுக்கும் அத்தனை சந்தோஷம். அந்த 40 மணி நேர வகுப்பில் பாலிசி எப்படிப் படிப்பது, சட்டம் என்ன சொல்கிறது, இழப்பீடு கேட்டு க்ளெய்ம் வந்தால் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொண்டிருப்பாய். ஆனால் இடிந்த கூரைக்கும் ஊறிய சுவருக்கும் விலை போடுவது, அதாவது எஸ்டிமேட் எழுதுவது, அதில் இல்லை. எஸ்டிமேட் சாஃப்ட்வேர் தெரிந்திருந்தால்தான் லைசென்ஸ் என்று டெக்சஸ் எங்கும் கேட்பதில்லை. அதனால் லைசென்ஸ் வாங்கிய எல்லோரும் உன்னைப் போலவே இந்த இடத்தில் வந்து நின்று, எதில் சேருவது என்று தடுமாறுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போட்ட எஸ்டிமேட்டை அனுபவமுள்ள ஒருவர் வரிக்கு வரி பார்த்து, சிவப்பு மையில் திருத்தி, உன்னிடமே திருப்பிக் கொடுக்கும் பயிற்சி எதுவோ அதில் சேர். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த சாஃப்ட்வேர் என்பதில் உனக்குக் குழப்பம் வேண்டாம். வீடு, கட்டட சேதத்துக்கு இந்த நாட்டில் பெரும்பாலான காப்பீட்டுக் கம்பெனிகள் எக்ஸாக்டிமேட் என்ற சாஃப்ட்வேரில்தான் எஸ்டிமேட் கேட்கின்றன. யூட்டா மாநிலத்தில் 1986-இல் தொடங்கிய எக்ஸாக்ட்வேர் செய்தது அது. 2006 முதல் வெரிஸ்க் நிறுவனத்தின் குடும்பத்தில் இருக்கிறது. சிம்பிலிட்டி என்ற பெயரில் அறியப்பட்ட இன்னொன்று உண்டு, சில கம்பெனிகள் அதைக் கேட்கும். எக்ஸாக்டிமேட்டில் கை பழகியவர்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சிசிசி, மிட்செல், ஆடாடெக்ஸ் எல்லாம் கார் சேதத்துக்கானவை. இரண்டாவது விளம்பரத்தில் இவை அத்தனையையும் ஒரே வாரத்தில் சொல்லித்தருவதாகப் போட்டிருக்கிறார்கள். நீ செய்யப்போவது வீட்டு வேலை. கார் சாஃப்ட்வேருக்கு இப்போது பணம் கொடுக்காதே.

வெள்ளச் சேத வகுப்பும் அப்படித்தான், இப்போது வேண்டாம். கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்ஜஸ்டராக அனுமதி கிடைக்க, சொத்துச் சேத வேலையில் நான்கு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அந்தக் கட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்பில் எந்தப் பதிப்பைக் காட்டுகிறார்கள் என்றும் கேள். எக்ஸாக்டிமேட்டில் இப்போது ஓடுவது எக்ஸ்1 பதிப்பு. பழைய 28-ஆம் பதிப்பின் திரையை வைத்து எடுத்த வீடியோவை இன்னும் விற்றால், நீ படிக்கும் பொத்தான் ஒரு இடத்தில், உன் கணினியில் இருக்கும் பொத்தான் வேறு இடத்தில் என்றாகிவிடும். சாஃப்ட்வேரின் இலவச சோதனைக் காலத்தை வகுப்பு தொடங்கும் அன்றுதான் தொடங்க வேண்டும். முன்னாலேயே தொடங்கி வீணாக்கிவிட்டு மாதச் சந்தா கட்டும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். அட்ஜஸ்டர்கள் அனுப்புவதைச் சரிபார்க்கும் என் மேஜைக்குத் தினமும் வரும் எஸ்டிமேட்டுகளில், சாஃப்ட்வேரைத் தெரியாததால் திருப்பி அனுப்பப்படுபவை கொஞ்சம்தான். வீட்டைத் தெரியாததால் திரும்பிப் போவதுதான் அதிகம். நீ காரைக்குடியில் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, சிவப்புத் தரை என்று வளர்ந்தவள். இங்கே மரச்சட்டத்தின் மேல் ட்ரைவால் என்ற ஜிப்சம் அட்டை அடித்த வீடு. அடியில் தண்ணீர் நின்றால் அது அட்டையில் ஏறி மேலே போகும்; பின்னால் வெப்பம் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சு நனைந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருப்பது மட்டும் தெரியும்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒழுகியது என்று வைத்துக்கொள். புதிதாக வருபவர் தரையை எழுதுவார், கொஞ்சம் ட்ரைவால் எழுதுவார், முடித்துவிடுவார். அந்தத் தரையை எடுக்க வேண்டுமென்றால் இயந்திரத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். கீழ் அலமாரியின் அடிப்பலகை ஊறியிருக்கும். அலமாரியைக் கழற்றினால் மேலே இருக்கும் கிரானைட்டை என்ன செய்வது? அதே மரத்தரை நடுவில் பிரிவே இல்லாமல் சாப்பாட்டு அறைக்குள்ளும் ஓடினால் அங்கே எதுவரை மாற்றுவது? சுவரின் அடிப்பட்டை, அதற்குப் பெயின்ட், அறையில் இருக்கும் சாமான்களை நகர்த்தும் கூலி. இவை ஒவ்வொன்றும் தனித்தனி வரி. நீ எழுதாத வரியை எக்ஸாக்டிமேட் உனக்கு நினைவூட்டாது. நான்கு வரி எழுதினால் நான்குக்கும் மிகச் சரியாகக் கூட்டிக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும்.

கூரையிலும் இதே கதை. எக்ஸாக்டிமேட்டில் ஆர்.எஃப்.ஜி. 300 என்ற குறியீட்டைப் போட்டால் லாமினேட்டட் ஷிங்கிள் என்ற கூரை ஓடு வரும், ஆனால் அதன் அடியில் விரிக்கும் ஃபெல்ட் தாள் அதில் சேராது. ஃபெல்ட் தனி, ஓரத் தகடு தனி, முகட்டு ஷிங்கிள் தனி, புகைக்குழாயைச் சுற்றிய தகடு தனி. சரிவு 7-க்கு 12-ஐ, அதாவது 12 அங்குல நீளத்துக்கு 7 அங்குல ஏற்றத்தை, தொட்டால் செங்குத்துக் கூரைக்கான கூலி சேர்க்க வேண்டும். மாடி வீடு என்றால் உயரத்துக்கும் தனிக் கூலி. நான்கு பக்கமும் சரியும் ஹிப் கூரைக்கு வீணாகும் ஷிங்கிள், இரண்டு பக்கம் சரியும் கேபிள் கூரையைவிட அதிகம். இதையெல்லாம் திரையில் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பு வேண்டாம். கூரையை, குறைந்தபட்சம் கூரையின் மாதிரியையாவது, உன் கையால் தொட்டு அளக்கவைக்கும் வகுப்பு வேண்டும்.

ஸ்கெட்சுக்கு, அதாவது அறையையும் கூரையையும் சாஃப்ட்வேரில் வரைவதற்கு, எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மூன்று இடத்திலும் கேள். பாடத்தில் பாதியாவது அதுவாக இருக்க வேண்டும் என்பேன். நீ ஸ்கெட்சில் வரையும் அறையிலிருந்துதான் சுவர், உட்கூரை, தரை, சுற்றளவு எல்லா அளவும் கீழே வரிகளுக்குப் போகின்றன. ஒரு சுவரை அரை அடி தப்பாக வரைந்தால் ட்ரைவாலும் பெயின்ட்டும் அடிப்பட்டையும் சேர்ந்து தப்பாகும், ஒன்றை மட்டும் திருத்தினால் போதாது. வானிலிருந்து எடுத்த கூரை அளவுகளை ஈகிள்வியூ என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கி அப்படியே உள்ளே இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். இறக்கலாம்தான். ஆனால் எந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது, எந்தப் பக்கம் பழையது என்று அந்தப் படம் சொல்லாது. பத்துக்குப் பத்து அடி சதுரத்தை ஒவ்வொரு சரிவிலும் சாக்பீஸால் வரைந்து, ஆலங்கட்டி விழுந்த தடங்களை எண்ணுவது உன் வேலை. நீ இருக்கும் பிளேனோ பக்கம் வசந்த காலம் வந்தால் இந்த வேலைதான் முதலில் வரும்.

அடுத்தது தேய்மானம், அதாவது பொருள் பழசானதற்காகக் கழிக்கும் தொகை. இதைப் பெரும்பாலான வகுப்புகள் கடைசி நாளின் கடைசி அரை மணியில் தள்ளிவிடுகின்றன, எனக்கு அதில் கோபமே உண்டு. ஒரு கணக்குச் சொல்கிறேன், தாளில் போட்டுப் பார். வீட்டின் காப்பீட்டுத் தொகை 3,00,000 டாலர். காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள், அதாவது வீட்டுக்காரர் தாமே ஏற்கும் பங்கு, 2 சதவீதம், அதாவது 6,000. கூரை மாற்ற 18,000. கூரையின் ஆயுள் 20 ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, வயது 10 என்று நீ எழுதினால் தேய்மானம் பாதி, 9,000. மீதி 9,000-இல் டிடக்டிபிள் போக முதல் காசோலை 3,000. அதே கூரைக்கு, விசாரிக்காமல் குத்துமதிப்பாக வயது 15 என்று எழுதிவிட்டாய் என்று வை. தேய்மானம் 13,500. மீதி 4,500. அது டிடக்டிபிளைவிடக் குறைவு. முதல் காசோலையே கிடையாது. வேலை முடிந்த பிறகு தேய்மானத்தைத் திரும்பத் தரும் பாலிசியாகவே இருக்கட்டும், வேலையைத் தொடங்க அந்தக் குடும்பத்துக்குக் கையில் காசு வேண்டாமா? திரையின் ஒரு கட்டத்துக்குள் நீ தட்டும் இரண்டு இலக்கத்தில் ஒரு வீட்டின் கூரை மாதக்கணக்கில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கலாம். வயதை எப்படி விசாரிப்பது, எதை ஆதாரமாக வைப்பது, கோப்பில் எப்படி எழுதுவது என்று சொல்லித்தருகிறார்களா என்று கேட்டுப் பார்.

விலைப்பட்டியலும் அப்படி. ஊருக்கு ஊர் வேறு, மாதாமாதம் புதுப்பிப்பார்கள். எக்ஸாக்டிமேட் சொன்ன விலை என்பதால் அது கல்வெட்டு ஆகிவிடாது. உள்ளூரில் அந்த விலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் ஆதாரத்தோடு மாற்றலாம், மாற்றியதற்குக் காரணத்தை அந்த வரியின் கீழே, எஃப்9 விசையில் திறக்கும் குறிப்பில் எழுத வேண்டும். நல்ல குறிப்பு எழுதப் பழக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதே. ஒரு கோப்பை மேஜையில் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த வீடு தெரியாது. உன் படங்களும் உன் குறிப்புகளும்தான் எங்களுக்கு வீடு.

மேக்ரோ, அதாவது முன்பே சேர்த்து வைத்த வரிகளின் தொகுப்பு, பற்றி ஒரு எச்சரிக்கை. 'எங்கள் வகுப்பில் சேர்ந்தால் ரெடிமேட் மேக்ரோ இலவசம்' என்று மூன்றாவது விளம்பரம் பெரிய எழுத்தில் சொல்கிறது. ஒரு சொடுக்கில் கூரைக்கான இருபது வரியும் வந்து உட்காரும். வேகம் வேண்டும்தான். காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக அட்ஜஸ்டர்களை அனுப்பும் இன்டிபென்டென்ட் கம்பெனிகள் க்ளெய்ம் கணக்கில் கூலி தருவதால், கோப்பு திரும்பி வந்தால் உன் பணமும் தள்ளிப்போகும். ஆனால் அந்த வீட்டில் ஸ்கைலைட்டே (கூரைக் கண்ணாடி சன்னலே) இல்லாதபோது ஸ்கைலைட் தகடு எழுதியிருந்தால், அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மற்ற எல்லா வரியையும் சந்தேகப்படுவேன். முதல் ஆறு மாதம் ஒவ்வொரு வரியையும் நீயே தேடிப் போடு. பிறகு உன் மேக்ரோவை நீயே கட்டிக்கொள்.

அதே விளம்பரத்தில் 'வேலை நிச்சயம்' என்று இருக்கிறது பார், அதை அடித்துவிட்டுப் படி. புயலோ ஆலங்கட்டியோ வந்தால்தான் கூப்பிடுவார்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனைப் புரட்டியபோது புதியவர்களுக்கும் அழைப்பு போனது. அமைதியான பருவத்தில் பழையவர்களே வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். கம்பெனிப் பட்டியலில் உன் பெயரைச் சேர்ப்பதை எந்தப் பயிற்சி நிறுவனமும் 'வேலை' என்று சொல்லக் கூடாது. அதற்குப் பதில் நீயே இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு போன் செய்து, 'புதியவர்களிடம் எந்தச் சான்றிதழ் எதிர்பார்க்கிறீர்கள், யாரிடம் படித்தவர்கள் உங்களுக்குச் சரியாக எஸ்டிமேட் அனுப்புகிறார்கள்' என்று கேள். எக்ஸாக்டிமேட்டுக்கு மூன்று படி சான்றிதழ் உண்டு. முதல் படியை வகுப்பு முடிந்த கையோடு எழுது, இரண்டாவதைக் கொஞ்சம் பழகிவிட்டு. மூன்றாவதுக்கு ஒரு வருடம் வேலை செய்த பிறகு போனால் போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீ காட்ட வேண்டிய 24 மணி நேரத் தொடர்கல்விக்கு இந்த வகுப்பு செல்லுமா என்றும் விசாரித்துவிடு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் முதல் விளம்பரம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த மூன்று நாள் நேரடி வகுப்பு. சொருகி வைத்த படங்களில் சேதப்படுத்திய சுவரும் தாழ்வான பயிற்சிக் கூரையும் தெரிகின்றன. விலை மற்றதைவிடக் கூடுதல்தான், வித்தியாசத்தை அப்பா தருவதாகச் சொல்கிறார், மறுக்காதே. ஆனால் வகுப்பு முடிந்த பிறகு நீ அனுப்பும் எஸ்டிமேட்டை யாராவது பார்த்துத் தருவார்களா என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. போன் செய்து கேள். 'பார்ப்போம்' என்றால் எத்தனை கோப்பு, எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்கு. இல்லை என்றால் அந்த வேலையை நான் செய்கிறேன்.

ஏணி விஷயம். வகுப்பில் ஏணி உண்டா என்று கேட்க வெட்கப்படாதே. நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் ஏணியின் அடி சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். ஈரக் கூரையில் ஏறாதே. சரிவு அதிகமான கூரைக்கு ஏணியோடு ஆள் அனுப்பும் சேவைகள் இருக்கின்றன, கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள். ஒரு நாள் தாமதமானால் கோப்பு ஓடிப்போகாது. எவ்வளவு பெரிய க்ளெய்மாக இருந்தாலும் எனக்கு நீ முழுசாக வீட்டுக்கு வர வேண்டும்.

அடுத்த மாதம் இங்கே கேட்டியில் நம் வீட்டுக்கு வரும்போது லேப்டாப்பையும் அளக்கும் டேப்பையும் எடுத்து வா. நம் வீட்டுச் சமையலறையை அளந்து ஸ்கெட்ச் போடு, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒழுகியதாக வைத்து எஸ்டிமேட் எழுது. நான் என் மேஜைக்கு வந்த கோப்பாக நினைத்துத் திருத்தித் தருகிறேன். மகள் என்று பார்க்க மாட்டேன், சொல்லிவிட்டேன். கிரானைட்டை மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா