ஒரே தாளை இரண்டு முறை நிரப்பித் தந்த உங்களுக்கு

அன்புள்ள அங்கிள்களுக்கும் ஆன்ட்டிகளுக்கும், அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மலம் கழிக்கும் சிரமங்களைக் கேட்டறியும் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தோம். தமிழிலும் அது சரியாக அளக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நீங்கள்தான் துணை நின்றீர்கள். குழுவில் நான் தாதி. உங்களில் பலர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் கேட்டவள். அதனால் இந்த நன்றி மடலை நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாளில் இருப்பவை ஐந்தே கேள்விகள். டென்மார்க்கில் உருவாகி 2012இல் வெளிவந்தது. மலக்குடல் அறுவைக்குப் பிறகு வரும் மலம் கழிக்கும் கோளாறுக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக 'லார்ஸ்' என்று பெயர்; அதனால் இதை 'லார்ஸ்' மதிப்பெண் என்று மருத்துவமனையில் சொல்வோம். வாயுவை அடக்க முடியாமல் போகிறதா, தண்ணீர் போன்ற மலம் கசிகிறதா, ஒரு நாளில் எத்தனை முறை போகிறீர்கள், போய்வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகவேண்டி வருகிறதா, ஓடவேண்டிய அளவுக்கு அவசரம் வருகிறதா. எல்லாவற்றையும் கூட்டினால் 0 முதல் 42 வரை வரும். 20 வரை இருந்தால் இந்தக் கோளாறு இல்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30ம் அதற்கு மேலும் கடுமையானது.

கசிவுக்கு அதிகபட்சம் 3 மதிப்பெண், அவசரத்துக்கோ 16. இது எப்படி நியாயம் என்று ஒரு அங்கிள் என்னைக் கேட்டார். எந்தத் தொல்லை வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று நோயாளிகளே சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு அது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சரிதான் மிஸ்ஸி. கசிஞ்சா துணி மாத்திக்கலாம். எப்ப ஓடணுமோங்கிற பயம் வந்துட்டா வீட்டை விட்டே கிளம்ப முடியாது" என்றார்.

தைப்பூசத்தன்று இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிக்குக் கூடவே நடந்து பழகியவர் அவர். அறுவைக்குப் பிறகு போகவில்லை. கால் வலி என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். அவர் மனைவி அன்றைக்குப் பக்கத்தில்தான் இருந்தார்; உண்மைக் காரணம் அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அங்கிள், அதைச் சொன்னதற்கு நன்றி. ஆன்ட்டி, கோபப்படாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்களே, அதற்கும்.

மலக்குடல் என்பது மலத்தைத் தேக்கி வைத்து, வசதியான நேரம் வரை பொறுத்துக்கொள்ளும் இடம். அதை எடுத்துவிட்டுப் பெருங்குடலைக் கீழே இறக்கி இணைக்கும்போது அந்தப் பொறுமை குறைந்துவிடுகிறது. கதிர்வீச்சும் சேர்ந்தால் சிரமம் இன்னும் கூடும். இதில் யாருடைய குற்றமும் இல்லை, சாப்பாட்டில் நீங்கள் செய்த தவறும் இல்லை. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் கட்டி மிகக் கீழே இருந்தவர்களுக்கும் மதிப்பெண் கூடுதலாக வரும் என்பது தெரிந்த விஷயம். தமிழ்த் தாளும் அதையே காட்டுகிறதா என்று ஒப்பிட, உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்க அனுமதித்தீர்கள். அதுவும் சின்ன உதவி இல்லை.

நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் ஊரில் இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்டார்கள். ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மொழியாகச் சொல்வது யார்? பெரும்பாலும் மகனோ மகளோ. "அப்பா, உங்களுக்கு அடக்க முடியாமல் போகிறதா?" என்று மகள் கேட்டால் எந்த அப்பா ஆமாம் என்பார்? "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு." அதோடு முடிந்தது. மருத்துவரும் நல்லது என்று எழுதிக்கொள்வார். அதே அப்பா தனியாக உட்கார்ந்து தானே படித்து, தானே குறியிட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. இது புரிந்து, கேட்காமலேயே அறையைவிட்டு வெளியே போய் நின்ற பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

தனித்தனியாக மொழிபெயர்த்த இருவருக்கும், மூலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவருக்கும், சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அப்புறம், தாளை முதலில் சிலரிடம் கொடுத்துப் பார்த்த முன்னோட்டத்தில் வந்த ஒரு ஆன்ட்டி. ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போவீர்களா என்ற கேள்வியில் பேனாவை வைத்துவிட்டார். "நான் வெளியிலயே வர்றதில்லையே. மறுபடி வரும்னு தெரியும், அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இதை ஒரு தடவைன்னு எண்ணவா, நாலு தடவைன்னு எண்ணவா?" எங்கள் குழுவில் எவருக்கும் தோன்றாத கேள்வி. மூலக் கேள்வியின் பொருளை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால், தாளைக் கொடுப்பவர்கள் என்ன விளக்கம் சொல்ல வேண்டும் என்பதை அவருக்காகவே உட்கார்ந்து பேசி எழுதினோம். வீட்டில் இருப்பது ஒரே கழிவறை, காலையில் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும், அதனால் விடியுமுன்பே எழுந்துகொள்வேன் என்றும் சொன்னார். எந்த மதிப்பெண்ணிலும் ஏறாத செய்தி இது. எனக்கு மறக்காது.

உங்களிடம் மிக அதிகமாகக் கேட்டது அந்த இரண்டாவது தாளைத்தான். சில நாள் கழித்து அதே ஐந்து கேள்விகள். "முதல்ல கொடுத்தது தொலைஞ்சு போச்சா தாதி?" என்று கேட்டவர்கள் உண்டு. தொலையவில்லை. உடல்நிலை மாறாதபோது பதிலும் மாறாமல் வருகிறதா என்று பார்த்தால்தான் அந்த அளவுகோலை நம்ப முடியும். முகம் கொடுத்துப் பேசக் கூசுகிற விஷயத்தை ஒரு முறை எழுதுவதே பாரம். மறுபடியும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, புளோக்குக்குக் கீழே தபால்பெட்டி வரை போய்ப் போட்டீர்கள். கை நடுங்கும் ஒருவர் தாளின் கட்டங்களுக்குள் போட்ட குறிகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மதிப்பெண் கூடுதலாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. புற்றுநோயே போய்விட்டது, இதையெல்லாம் சொல்வதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். உணவில் மாற்றம், வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, தேவைப்பட்டால் தண்ணீர் செலுத்திக் குடலைச் சுத்தம் செய்யும் முறை என்று வழிகள் இருக்கின்றன. உங்கள் அறுவை மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லுங்கள். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழ்த் தாளைக் கேட்டு வாங்கி, குறியிட்டு நீட்டிவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் தாதி, குழுவினர் அனைவர் சார்பிலும்